அப்பாவுக்கு வந்த கடிதங்கள்

விடுமுறைக்குப் போகும்போது சோறு சமைக்கும் குக்கரையும் கூடவே கொண்டு போவதில் பிழை ஒன்றும் இல்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஓஸ்திரியாவில் ஒரு மலைக்கிராமம். ஒன்பது நாள். அங்கே காலையும் மாலையும் பாண் ரொட்டியும் சீஸும்தான் கிடைக்கும் என்று சபாரத்தினம் மாமா சொல்லியிருந்தார். அதனால் அம்மா குக்கரைத் துவாயில் சுற்றி வான் வண்டியின் பின்பக்கத்தில் வைத்தார். அதன்மேல் வறுத்த அரிசிமா, சம்பல் போத்தல், அப்பாவின் கம்பளிச் சட்டை. நாங்கள் எல்லாரும் ஒரு சந்தோஷமான பயணத்துக்குத்தான் ஆயத்தமானோம் என்பதை நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

பிரசாந்தினி அக்கா, நீங்கள் ஆஸ்பத்திரியின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். போன கிழமை தொலைபேசியில் என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டீர்கள். "தங்கச்சி, அப்பாவுக்கு ஓகஸ்ட் பதினொண்டிலை குடுத்த திகதியைத் தள்ளிப் போடச் சொல்லி எடுத்தது உண்மையா அம்மாதானோ?" நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அது மரியாதையான காரியம் இல்லை. நீங்கள் என்னோடு அன்பாகத்தான் பேசினீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அது அம்மா இல்லை. நான்.

என்னை நேரில் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். கடையில் நான் ஒரு சாமானின் பெயரைச் சொன்னால் மூன்றாம் தரம்தான் கேட்கும். பஸ்ஸில் மணியை அழுத்தக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். ஆனால் தொலைபேசியில் "மிஸஸ் கலாவதி யோகராஜா" என்று தொடங்கினால் எனக்கு ஒரு நடுக்கமும் வராது. அம்மாவின் பிறந்த திகதி, லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டின் அஞ்சல் குறி, அப்பாவின் ஆஸ்பத்திரி எண் எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். எங்களைப் போன்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இதைச் செய்திருப்பார்கள். நீங்களும் உங்கள் அம்மாவாகப் பேசியிருப்பீர்கள்.

அப்பா ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்க்கடையில் மீன் வெட்டுகிறவர். இருபத்திரண்டு வருடம். மீன்களின் ஆங்கிலப் பெயர் எல்லாம் தெரியும். ஒரு கடிதத்தை வாசிக்கத் தெரியாது, அம்மாவுக்கும்தான். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொன்னேன். அப்பா கை கழுவிவிட்டு வந்து, உடம்பிலிருந்து மீன் வாடை வரும் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஏதோ கோயிலில் கேட்பதுபோலக் கேட்பார். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் பேசக்கூடாது. என் தங்கை மிதுஷா வாய் திறந்தால் "உஸ், அக்கா வாசிக்கிறா" என்பார். வெளியில் எங்கும் என் குரலுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை.

முதலில் மாற்றி வாசித்தது என் பள்ளிக்கூடத்துக் கடிதத்தை. எனக்கு அப்போது பதினான்கு வயது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது என் குரல் வரவில்லை, மூச்சுத்தான் வந்தது, பின்வரிசையில் ஒருவன் என் மூச்சை நடித்துக் காட்டினான், பிறகு நான் பள்ளிக்குப் போவதுபோல் இறங்கி வலண்டைன்ஸ் பூங்காவில் இருந்துவிட்டு வரத் தொடங்கினேன். பள்ளி எழுதியது நான் வருவதில்லை என்று. நான் வாசித்தது, நான் மற்றப் பிள்ளைகளை விட வேகமாகப் படிப்பதால் வீட்டிலிருந்தே ஒன்லைனில் படிக்கலாம் என்று. அப்பா அந்தக் கடிதத்தை நெற்றியில் வைத்துக் கும்பிட்டார். பிறகு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று நான் எழுதிய கடிதத்தில், நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்காகச் சின்ன அறையில் ஒரு மேசையும் செய்து போட்டார். "பெரியவள் வீட்டிலை இருந்தே படிக்கிறா, அடுத்த வருஷம் யூனிவேர்சிட்டி" என்று கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொன்னார். மூன்று வருடம் அந்த மேசையில் இருந்து நான் ஒரு பரீட்சைக்கும் படிக்கவில்லை. அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் வரவில்லை. அப்பா சந்தோஷமாக இருந்தார்.

இந்த வருடம் மார்ச்சில் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கான் எடுத்தார்கள். மே மாதம் இருதய டொக்டரின் கடிதம் வந்தது, இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், இருதயத்தின் வால்வு ஒன்று பிறவியிலேயே சரியாக அமையவில்லை, இப்போது மிகவும் இறுகிவிட்டது, விரைவில் சத்திரசிகிச்சை வேண்டும் என்று இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பயப்படுத்தாமல் சொல்ல வேண்டும் அல்லவா. பிறகு கடைசி வரிக்கு வந்தேன். அடுத்த சந்திப்பில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அப்பாவுடன் இருப்பார், குடும்பத்தவர் மொழிபெயர்க்கத் தேவையில்லை என்று போட்டிருந்தது.

அது நீங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து டொக்டர் சொல்வதை எல்லாம் அப்படியே சொல்வீர்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து, இத்தனை வருடக் கடிதங்களையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை உங்களிடம் கொண்டு வருவார். "இதையும் ஒருக்கா வாசியுங்கோ பிள்ளை" என்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

ஆகவே, "வால்வு கொஞ்சம் இறுகியிருக்காம், இப்ப ஒண்டும் செய்யத் தேவையில்லையாம், வருஷக் கடைசியிலை திரும்பப் பாப்பினமாம்" என்று வாசித்தேன். அம்மா சாமி அறைக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து பூசிவிட்டார். ஜூனில் ஒரு சந்திப்பு, ஜூலையில் ஒரு சந்திப்பு. இரண்டையும் அம்மாவாகப் பேசித் தள்ளிப் போட்டேன். மூன்றாவதுதான் ஓகஸ்ட் பதினொன்று. சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்யும் நாள். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறோம், செப்டெம்பரில் தாருங்கள் என்றேன். மறுமுனையில் இருந்த பெண், எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். கடற்கரைக்கு என்றேன்.

விடுமுறை யோசனை என்னுடையது இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அப்பாவின் நண்பர் சபாரத்தினம் மாமாவின் யோசனை. ஃபாரஸ்ட் கேட் பகுதியில் கார் ஓட்டப் பழக்குகிறவர். போன வருடம் மனைவி மரினா மாமியோடு அந்த மலைக்குப் போய் வந்து, ஒரு வருடமாக அந்த வீடியோவையே எல்லாருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "மச்சான், நீ ஐஸ் பெட்டிக்குள்ளை கைவிட்டே காலத்தைக் கழிச்சிட்டாய். ஒருக்கா வந்து உண்மையான ஐஸைப் பார்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை, போவமோ?" என்றார். எல்லாவற்றையும் போல அதையும் என்னிடம்தான் கேட்டார். நான் ஓம் என்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தக் கிராமம் அழகானது. ஜன்னல் எல்லாம் சிவப்புப் பூக்கள். மாடுகளின் கழுத்து மணி நாள் முழுக்க ஒலிக்கும். மற்றவர்களுக்கு அது இனிமையாக இருந்தது. எனக்கு யாரோ கதவு மணியை அடிப்பதுபோல் இருந்தது. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பல்கனிக்குப் போவேன், குசினிக்கு வருவேன், கீழே இறங்கி தபால்பெட்டி வரைக்கும் நடப்பேன். அங்கே எங்களுக்குக் கடிதம் வரப்போவதில்லை என்று தெரிந்தும் பெட்டியைப் பார்ப்பேன். பதினோராம் திகதி காலையில் லண்டன் எண் ஒன்றிலிருந்து என் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. திரும்ப அதிர்ந்தது. அரிசிமாப் பைக்குள் செருகிவிட்டு, புட்டுக்குத் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்தேன்.

"உவளுக்கு என்ன, காலிலை சக்கரம் பூட்டியிருக்கோ?" என்றார் மரினா மாமி.

"படிப்பு யோசினை" என்றார் அப்பா. "ரிசல்ட் வாற நேரமெல்லே."

நாலாம் நாள் காலையில் பாண் வாங்கப் போன அப்பா, திரும்பி வரும் ஏற்றத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மேலே பல்கனியில் இருந்து சபாரத்தினம் மாமா கூப்பிட்டார்.

"என்ன மச்சான், அந்த மாட்டோடை கதைக்கிறியோ? அதுக்கு ஜெர்மன்தான் விளங்கும்!"

"அவரை விடுங்கோப்பா" என்றார் மரினா மாமி. "நீங்கள் போன வருஷம் பாதி வழியிலை சப்பாத்துக் கடிக்குதெண்டு இருந்த ஆள்தானே."

அப்பா சிரித்தார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு டொக்டர் இருக்கிறார் என்று கேட்டு அறிந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். சபாரத்தினம் மாமாவும் வருகிறேன் என்றார். அவர் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். அப்பாதான் வேண்டாம் என்றார். நண்பனுக்கு முன்னால் சட்டையைக் கழற்றி நெஞ்சைக் காட்ட அவருக்கு வெட்கம். "பிள்ளை இருக்கிறா, காணும்" என்றார். நான் அந்த இடத்தில் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. அவராகச் சொன்னது.

டொக்டர் வயதான பெண். நல்ல ஆங்கிலம். அப்பாவின் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். இந்தச் சத்தம் பாரதூரமானது, இது உங்கள் அப்பாவுக்கு முன்பே தெரியுமா என்றார். இன்றைக்கே கீழே இறங்க வேண்டும், பள்ளத்தாக்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது, நான் அம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றார். எங்களிடம் வான் இருக்கிறது, உடனே கூட்டிக்கொண்டு போகிறோம் என்றேன். அவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, என் கையில் தந்தார். தரும்போது என் கையை ஒரு கணம் பிடித்திருந்தார். உனக்குப் பயமாக இருக்கும், ஆனால் நீ கெட்டிக்காரி என்றார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"களைப்பாம். மலைக்குப் புதுசா வாற ஆக்களுக்கு இப்பிடி வருமாம். நல்லாத் தண்ணி குடிச்சு ரெண்டு மூண்டு நாள் ஓய்வெடுக்கட்டாம். அதைத்தான் இதிலை எழுதியிருக்காம்."

அப்பா சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். "அவ்வளவு நேரம் கதைச்சவ. இவ்வளவுதானோ?"

"இங்கிலீசிலை சொன்னா நீளமாத்தான் வரும், அப்பா."

அவர் டொக்டருக்கு இரண்டு கையும் கூப்பி நன்றி சொன்னார். டொக்டரும் தலையசைத்தார். இருவருக்கும் திருப்தி.

நான் ஏன் அங்கே உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரி லண்டன் ஆஸ்பத்திரியைக் கூப்பிடும். லண்டன் ஆஸ்பத்திரி மூன்று முறை தள்ளிப் போட்டதைச் சொல்லும். மிஸஸ் யோகராஜாவே பேசினார் என்று சொல்லும். அம்மா என் முகத்தைப் பார்ப்பார். செப்டெம்பர் வரைக்கும் மூன்று கிழமைதான் இருந்தது. செப்டெம்பரில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். என்ன திட்டம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை.

மூன்று நாள் ஓய்வெடுத்தார். நான் சொன்னபடி தண்ணீர் குடித்தார். அம்மா அவரைக் கதிரையை விட்டு எழும்ப விடவில்லை. முகத்தில் நிறம் வந்தது. அது என் ஏற்பாடுதான் என்பதையும் பார்க்க வேண்டும். கடைசிக்கு முதல்நாள் எல்லாரும் கேபிள் காரில் மேலே போனார்கள். பனி பார்க்காமல் திரும்பினால் பள்ளியில் என்ன சொல்வது என்று மிதுஷா அழுதிருந்தாள். கேபிள் கார் இறக்கிவிடும் இடத்திலிருந்து உச்சிக்குக் கல்லில் வெட்டிய படிகள். உச்சியில் ஒரு மரச்சிலுவை. அதன் அடியில் வெயிலிலும் கரையாத பனி கொஞ்சம் கிடந்தது. மிதுஷா முதலில் ஓடினாள். அம்மாவும் மரினா மாமியும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

"வாறியோ மச்சான், இல்லாட்டி இஞ்சையே நிண்டு எங்களுக்குக் கை காட்டுறியோ?" என்றார் சபாரத்தினம் மாமா. பதிலுக்கு நிற்காமல் அவரும் ஏறினார்.

நானும் அப்பாவும் மட்டும் நின்றோம். அவர் படிகளைப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பிள்ளை, அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்திலை ஏறி இறங்கக்கூடாதெண்டு ஏதும் இருந்ததோ?"

அவர் அதற்கு முன்பு ஒருநாளும் என்னிடம் ஒரு கடிதத்தைப் பற்றி இரண்டாம் முறை கேட்டதில்லை. கால் நிலத்தில் நிற்கவில்லை, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரிந்து சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சொல் சொன்னால் போதும் என்று எனக்காக வழிவிட்டுக் காத்திருந்தார்.

"அப்பிடி ஒண்டும் இல்லையப்பா" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.

இருந்தது. இரண்டாம் பக்கத்தில். கடினமாக உழைக்கவோ மேட்டில் ஏறவோ கூடாது, சத்திரசிகிச்சை முடியும்வரை உயரமான இடங்களுக்குப் பயணம் செய்யக்கூடாது, திடீர் மரணம் ஏற்படலாம். மூன்று வரி. எனக்கு மனப்பாடம். அவர் முதல் படியில் கால் வைத்தபோதும் எனக்கு அது மனப்பாடமாகத்தான் இருந்தது.

பாதியைத் தாண்டி ஏறிவிட்டார். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பார்த்தீர்களா, டொக்டர்மார் எல்லாவற்றையும் பெரிதாக்கித்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன். பிறகு அவர் ஒரு படியில் உட்கார்ந்தார். பஸ்ஸில் இடம் கிடைத்தவர் உட்காருவதுபோல மெதுவாக. பக்கத்தில் சாய்ந்தார்.

ஹெலிகொப்டர் வந்தது. சிவப்பு உடுப்புப் போட்ட ஒருவர் நெடுநேரம் நெஞ்சை அழுத்தினார். கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டு, இங்கே ஆங்கிலம் தெரிந்தவர் யார் என்று கேட்டார். சபாரத்தினம் மாமா சிலுவையடியில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் போனேன். இவருக்கு முன்பே இருதய நோய் இருந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். மன்னிக்க வேண்டும், அவர் இறந்துவிட்டார் என்றார்.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்னவாம்? பிள்ளை, என்னவாம்?"

"காப்பாத்திப் போடுவினமாம், அம்மா" என்றேன்.

கீழே கிராமத்துக்கு வரும்வரைக்கும் அவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. கேபிள் காரில் பன்னிரண்டு நிமிடம். அதை நான் அவருக்குக் கொடுத்தேன்.

அப்பாவை லண்டனுக்குக் கொண்டுவரும் அலுவல்களை நான்தான் பார்த்தேன். தூதரகம், விமானம், மரணச்சான்றிதழ். எல்லாம் தொலைபேசியில். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அம்மாவிடம் "பெரியவள் இருந்தபடியால் தப்பினாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டு கேட்டேன். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நீங்கள் டொக்டரோடு அம்மாவைச் சந்தித்து எல்லாவற்றையும் விளக்குவதாக இருந்தது. அம்மா இப்போது ஒருநேரம்தான் சாப்பிடுகிறார். அப்பாவின் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். இந்த நிலையில் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்வது சரியில்லை என்று நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். ஆகவே இன்று காலை உங்கள் அலுவலகத்துக்கு எடுத்து, சந்திப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவாக. அவர்கள் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். பேசும்போது நான் கொஞ்சம் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. இந்த எழுத்தையும் இப்போதைக்கு உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அதுதான் முக்கியம்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு இருந்த வால்வுக் குறை பிள்ளைகளுக்கும் வரக்கூடியதாம். என்னையும் மிதுஷாவையும் உடனே ஸ்கானுக்குக் கூட்டி வரச்சொல்லி அம்மாவுக்கு எழுதியிருக்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்றும் போட்டிருக்கிறார்கள். அம்மா என்ன கடிதம் என்று கேட்டார். அப்பாவுக்கு அஞ்சலி தெரிவித்து எழுதியிருக்கிறார்கள் என்றேன். அம்மா அதை வாங்கி அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.

மிதுஷாவுக்குப் பதின்மூன்று வயதுதான். அவசரம் ஒன்றும் இல்லை.